ரெண்டு பிள்ளை, ஒரு பொண்ணு

இறந்துபோன வைத்தியலிங்கத்தின் செல்போனுக்கு ஓ.டி.பி. போயிருந்தது.

"நம்பரைச் சொல்லுங்க சார், சீக்கிரம். நேரம் முடிஞ்சுட்டா மறுபடி மொதல்லேர்ந்து போடணும்" என்றாள் இ-சேவை மையத்துப் பெண், கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

குணசேகரன் என்னத்தைச் சொல்வான்? அப்பா போன பிறகு அவருடைய செல்போனை யாரும் தொடவில்லை. ரீசார்ஜ் செய்ய ஆளில்லாமல் சிம்மும் அவர் வழியே போய்ச் சேர்ந்துவிட்டது.

"எங்கப்பா செத்துட்டாருன்னுதானேம்மா வாரிசுச் சான்று கேட்டு வந்திருக்கேன். அவரு நம்பருக்கே ஓ.டி.பி. அனுப்புனா, அவரு எந்திரிச்சு வந்து நம்பர் சொல்லுவாரா?"

"எனக்குத் தெரியாது சார். சிஸ்டத்துல அந்த நம்பர்தான் இருக்கு. வேணாம்னா உங்க ஆதாரை வச்சுப் புதுசாப் பதியணும்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். வேறு யாருக்காவது நடந்திருந்தால் குணசேகரனும் சேர்ந்து சிரித்திருப்பான்.

அலைச்சல் அவனுக்குப் புதிதல்ல. ஐப்பசியில் அப்பா கண்ணை மூடினார். இறப்புச் சான்றிதழ் வாங்கப் போனால், வைத்தியலிங்கம் என்ற பெயரில் ஓர் எழுத்தை விழுங்கிவிட்டு 'வைத்திலிங்கம்' என்று அடித்துக் கொடுத்திருந்தார்கள். பட்டாவில் 'ய' இருக்கிறது, சான்றிதழில் 'ய' இல்லை. ஆகவே நிலத்துக்காரர் வேறு, செத்தவர் வேறு என்று தாலுகா ஆபீசில் சொல்லிவிட்டார்கள். அந்த ஒற்றை 'ய'வைத் திரும்ப வாங்குவதற்குள் கார்த்திகையும் மார்கழியும் ஓடிவிட்டன. தப்பாக அடித்தது அவர்கள். மனு எழுதியது இவன், ஜெராக்ஸ் எடுத்தது இவன், வராந்தாவில் கால் கடுக்க நின்றதும் இவன். இன்றைக்கு ஆபீசர் கேம்ப் என்பார்கள், நாளைக்கு மீட்டிங் என்பார்கள், அதற்கு மறுநாள் போனால் சர்வர் இல்லை. இது எந்த ஊர் நியாயம் என்று கேட்டால், "ஏன் சார் சத்தம் போடுறீங்க?" என்று நம்மைத்தான் முறைப்பார்கள்.

அதற்குள் அப்பா கடைசியாக விதைத்துவிட்டுப் போன சம்பா விளைந்து, அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையத்துக் களத்தில் குவியலாகக் கிடந்தது. நெல்லை எடை போட வேண்டுமானால் கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் வாங்க வேண்டும். யார் நிலம், என்ன பயிர் என்று எழுதித் தரும் தாள் அது. நிலமோ இன்னும் அப்பா பெயரில் இருக்கிறது. "வாரிசுச் சான்று கொண்டாங்க, அதை வச்சு அடங்கல் குடுத்துடறேன். அது இல்லாம நான் கையெழுத்துப் போட முடியாது" என்று வி.ஏ.ஓ. பூர்ணிமா கையை விரித்துவிட்டார். மற்றவர்கள் நெல்லெல்லாம் மூட்டை மூட்டையாக லாரி ஏறிக்கொண்டிருக்க, குணசேகரனின் குவியல் மட்டும் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. வங்கக் கடலில் புதிதாக ஒன்று சுழன்றுகொண்டிருப்பதாக டி.வி.யில் வேறு சொல்லிக்கொண்டிருந்தார்கள். அறுத்த நெல் மழையில் நனைந்தால் என்ன ஆகும் என்று காவிரிப் பாசனத்தில் பிறந்தவனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

வேறு வழியில்லாமல் தன் ஆதாரைக் கொடுத்துப் புதிதாகப் பதிந்தான். அந்தப் பெண் கேட்கக் கேட்கச் சொன்னான்.

"அப்பாவோட சம்சாரம்?"

"ராஜாத்தி. இருக்காங்க."

"பிள்ளைங்க எத்தனை பேரு சார்?"

"ரெண்டு பிள்ளைங்க. நானு, என் தம்பி நெடுமாறன். அவன் ஷார்ஜாவுல இருக்கான்."

அவள் தட்டினாள். அச்சடித்த தாளை நீட்டி, பெயரெல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னாள். குணசேகரன் முதலில் 'ய' இருக்கிறதா என்று பார்த்தான். இருந்தது. மேலும் கீழும் இன்னொரு தடவை பார்த்துவிட்டு, சரிதான் என்று மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

அவனுடைய நச்சரிப்புத் தாங்காமல் பூர்ணிமா சீக்கிரமே வீட்டு விசாரணைக்கு வந்தார். நாற்காலி போட்டு, மோர் கொடுத்து, குணசேகரன் பக்கத்திலேயே நின்றான். பூர்ணிமா அவனை விட்டுவிட்டு அவன் அம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

"உங்களுக்குப் பிள்ளைங்க எத்தனை பேரும்மா?"

"ரெண்டு புள்ள, ஒரு பொண்ணுங்க" என்றாள் ராஜாத்தி.

பேனா நின்றுவிட்டது. "அப்ப மூணு பேரு. மனுவுல ரெண்டு பேருதானே இருக்கு?"

"புள்ள ரெண்டுதாங்களே" என்றாள் ராஜாத்தி. அவளுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை.

குணசேகரன் குறுக்கே விழுந்தான். "தங்கச்சியைக் கட்டிக் குடுத்தாச்சு மேடம். பட்டுக்கோட்டை பக்கம். அது ரேஷன் கார்டு, ஓட்டு எல்லாம் அங்கதான் இருக்கு."

"கட்டிக் குடுத்துட்டா மக இல்லைன்னு ஆயிடுமா?"

"அப்படி இல்லீங்க. இ-சேவையில அந்தப் பொண்ணு பிள்ளை எத்தனைன்னு கேட்டுச்சு, நான் ரெண்டுன்னு சொன்னேன். இதுல பொய் என்ன இருக்கு?"

பொய் இல்லைதான். அந்தப் பக்கத்தில் பிள்ளை என்றால் ஆண் பிள்ளை. ஆஸ்பத்திரி வாசலில் "என்ன குழந்தை?" என்று கேட்டால், "பிள்ளை பொறந்திருக்கு" என்பார்கள், இல்லாவிட்டால் "பொண்ணுதான்" என்பார்கள். அந்தத் 'தான்' ஒன்றே எல்லாவற்றையும் சொல்லிவிடும். ஊரில் யாரைக் கேட்டிருந்தாலும் வைத்தியலிங்கத்துக்கு ரெண்டு பிள்ளை என்றுதான் சொல்லியிருப்பார்கள், ஒருத்தியை ஒளித்து வைக்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல்.

ஆனால் அச்சடித்த தாளைக் குணசேகரன் பார்த்தானே, தங்கச்சி பெயர் இல்லை என்பது அவன் கண்ணில் படாமலா போயிற்று? பட்டது. அவளைச் சேர்த்தால் அவள் ஆதார் வேண்டும், கையெழுத்து வேண்டும், இன்னொரு அலைச்சல் என்று ஒரு நினைப்பு வந்தது. பெயர் ஏறிவிட்டால் நாளைக்குப் பங்கு கேட்பாளோ என்று அதற்கு அடியில் இன்னொரு நினைப்பும் வந்தது. முதல் நினைப்பைக் காரணமாக வைத்துக்கொண்டு இரண்டாவதைக் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டான்.

"உங்கப்பா பேர்ல ஒரு எழுத்து விட்டுப்போச்சுன்னு தாலுகா ஆபீஸ்ல அந்தக் குதி குதிச்சீங்களே சார்" என்றார் பூர்ணிமா. "இங்க ஒரு ஆளே விட்டுப்போயிருக்கு. இதை நான் திருப்பித்தான் அனுப்பணும். மூணு பேரையும் சேர்த்துப் புதுசாப் போடுங்க."

திருப்பி அனுப்புவதா! குணசேகரனுக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

"மழை வருது மேடம்! நெல்லு நனைஞ்சா நீங்களா வந்து காய வைப்பீங்க? என்ன வேணுமோ அதை வாயைத் திறந்து கேட்டுட்டுப் போங்களேன். எதுக்கு இப்படிச் சுத்தி வளைக்கணும்?"

பூர்ணிமாவின் முகம் சுண்டிவிட்டது. "காசு வாங்குறவளா இருந்தா இந்நேரம் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டுப் போயிருப்பேன் சார்" என்று சொல்லிவிட்டு, மோரைத் தொடாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

தாலுகா ஆபீசுக்கு எதிர் டீக்கடையில் துரைராசு எப்போதும் இருப்பார். அவருக்கு ஆபீசும் இல்லை, வேலையும் இல்லை; ஆனால் உள்ளே எந்த மேஜையில் எந்தக் காகிதம் தூங்குகிறது என்று அவருக்குத்தான் தெரியும். குணசேகரன் சொன்னதைக் கேட்டு அவர் சிரித்தார்.

"இதுக்கா தம்பி இப்படி வேர்த்துப்போய் நிக்கிறீங்க? தங்கச்சிகிட்ட ஒரு கையெழுத்து வாங்கிட்டு வாங்க. எனக்கும் என் தகப்பனார் சொத்துக்கும் சம்பந்தம் இல்லை, என் பேரைச் சேர்க்க வேண்டாம்னு நானே தாள் அடிச்சுத் தர்றேன். அதை வச்சு மத்ததை உள்ள பாத்துக்குவோம். பாசமா ரெண்டு வார்த்தை பேசினா பொம்பளைங்க போட்டுக் குடுத்துடும்."

அப்படிச் செய்ய முடியுமா, அது செல்லுமா என்று குணசேகரன் கேட்கவில்லை. இத்தனை நாள் அலைந்தவனுக்கு யாராவது 'முடியும்' என்று சொன்னதே பெரிதாக இருந்தது. தாளை வாங்கிக்கொண்டு பட்டுக்கோட்டை பஸ் ஏறினான். பஸ் ஜன்னல் வழியே பார்த்தால் வானம் ஒரு பக்கமாகக் கறுத்துக்கொண்டிருந்தது.

பிரகதீஸ்வரி தென்னந்தோப்பு வீட்டு வாசலில் உரித்த தேங்காயைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். அண்ணனைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். "ஒரு போன் பண்ணிட்டு வரக் கூடாதா அண்ணே? மீன் வாங்கி வச்சிருப்பேனே" என்றாள். அவசரமாக முட்டை பொரித்து, ரசம் வைத்து, உட்கார்த்திச் சோறு போட்டாள். குணசேகரன் சாப்பிட்டு முடிக்கும்வரை தாளை எடுக்கவில்லை. அந்த மட்டுக்கும் அவனுக்கு வெட்கம் இருந்தது.

அவள் தாளை வாங்கி நிதானமாகப் படித்தாள்.

"என் பேரைச் சேர்க்க வேண்டாம்னு நானே சொல்ற மாதிரி எழுதியிருக்கே?"

"அது ஒண்ணும் இல்லம்மா, சும்மா ஒரு ஃபார்மாலிட்டி. நெல்லு களத்துல கெடக்கு. மழை வருது. நீ கையெழுத்துப் போட்டாத்தான் வேலை நடக்கும்."

"நெல்லுக்கு வேணும்னா என் ஆதார் தர்றேன், போட்டோ தர்றேன், எங்க கூப்பிட்டாலும் வந்து கையெழுத்துப் போடறேன். ஆனா இதுல போட மாட்டேன்."

"ஏன், பங்கு வேணுமா?" கேட்கக் கூடாது என்று நினைத்திருந்த கேள்வி வாயிலிருந்து வந்தேவிட்டது.

பிரகதீஸ்வரி தாளிலிருந்து கண்ணை எடுத்து அவனைப் பார்த்தாள்.

"நான் பங்கு கேட்டேனா அண்ணே? எனக்கு வேணுமா வேணாமான்னு நீ என்னைக் கேட்டியா? வேணாம்னு நான் விட்டுக் குடுக்கணும்னாக்கூட மொதல்ல என் பேரு அதுல இருக்கணுமில்ல? பேரே இல்லாதவ எதை விட்டுக் குடுப்பா?"

"உனக்கு நகை போட்டோம். சீர் செஞ்சோம். அப்பா எதுல குறை வச்சாரு?"

"ஒரு குறையும் வைக்கல. நெடுமாறன் ஷார்ஜா போனப்ப ஏஜெண்டுக்குக் கட்டினதும் அப்பாதானே? அதனால அவன் புள்ள இல்லைன்னு ஆயிட்டானா? தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில அப்பாகூட நாந்தானே கெடந்தேன். நோயாளிக்கு என்ன உறவுன்னு கேட்டாங்க, மகள்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அப்ப யாரும் வேணாம்னு சொல்லல. கண்ணீர் அஞ்சலின்னு ஊரெல்லாம் ஃப்ளெக்ஸ் வச்சீங்களே, அதுலயும் என் பேரைப் போட்டீங்க. அழறதுக்கு மட்டும் நான் மக, மத்ததுக்கு இல்லையா?"

சொல்லும்போதே அவளுக்குக் குரல் உடைந்தது. அவள் புருஷன் தோப்பிலிருந்து வரும் சத்தம் கேட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். குணசேகரன் தாளைப் பிடுங்கி மடித்துக்கொண்டு, "உன்கிட்ட வந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்று எழுந்துவிட்டான். ஆபீசில் நியாயம் இல்லை, வீட்டில் பாசம் இல்லை, உலகமே தன்னை மாத்திரம் பார்த்து வேலை நிறுத்தம் செய்கிறது என்று பஸ் முழுக்கப் பொருமிக்கொண்டே வந்தான்.

பாபநாசம் தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. பஸ்ஸை விட்டு இறங்கிக் களத்துக்கு ஓடினான். காற்று தார்ப்பாயைப் பிய்த்துக்கொண்டிருந்தது. அவன் மனைவி ஒரு பக்கமும், பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் பெரிய மகள் ஒரு பக்கமுமாகத் தார்ப்பாயின் முனைகளைக் காலால் மிதித்து நின்றுகொண்டிருந்தார்கள். சின்னவள் பள்ளிக்கூடச் சீருடையோடு செங்கல் சுமந்து வந்து ஓரத்தில் அடுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்துக் குவியல்காரர்கள் எல்லாம் எடை போட்டுவிட்டுப் போய்விட்டதால் உதவிக்கு ஆளில்லை. நால்வரும் தொப்பலாக நனைந்தபடி நெல்லைக் காத்தார்கள். மேலே காப்பாற்றிவிட்டார்கள். அடிப்பக்கம் ஓடி வந்த தண்ணீரை என்ன செய்ய முடியும்? மழை விட்டதும் கையை உள்ளே விட்டுப் பார்த்தான். ஒரு சாண் உயரத்துக்கு நெல் ஊறிப்போயிருந்தது. அப்பாவின் கடைசி வெள்ளாமை. குணசேகரன் வாயில் வந்தபடியெல்லாம் தாலுகா ஆபீசைத் திட்டினான்.

மறுநாள் காலை அவன் வி.ஏ.ஓ. அலுவலகத்துக்குப் போனபோது, பெஞ்சில் பிரகதீஸ்வரி உட்கார்ந்திருந்தாள். முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறாள். மடியில் ஆதார், பள்ளிக்கூடச் சான்றிதழ், போட்டோ எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் இருந்தன.

"நெல்லு நனைஞ்சுட்டாமே, அம்மா போன்ல சொல்லுச்சு" என்றாள். "மூணு பேரு பேரையும் போட்டு மனுவைக் குடு அண்ணே. மத்த பேச்செல்லாம் பிறகு பேசிக்கலாம்."

குணசேகரன் சட்டைப் பைக்குள் கையை விட்டான். துரைராசு கொடுத்த தாள் மழையில் நனைந்து கூழாகிக் கிடந்தது.

பூர்ணிமா இருவரையும் உட்காரச் சொன்னார். முந்தாநாள் பேச்சை அவர் மறந்திருக்க மாட்டார். ஆனாலும் காட்டிக்கொள்ளாமல் காகிதங்களைச் சரிபார்த்தார். "இன்னிக்கே ஏத்திடுங்க. நான் உடனே அனுப்பிடறேன். மேலேயும் போன் பண்ணிச் சொல்றேன். ஆனா சர்வர் எப்ப வரும்னு மட்டும் என்கிட்ட கேக்காதீங்க" என்றார். பிறகு பேச்சுவாக்கில் சொன்னார்: "ஒரு பேரை விட்டா எவ்வளவு அலைச்சல்னு பாத்துட்டீங்கள்ல. நாளைக்கு உங்க பிள்ளைங்க இப்படி அலையக் கூடாது. உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க சார்?"

"பிள்ளை இல்லீங்க மேடம்" என்றான் குணசேகரன், யோசிக்காமல், ஊரில் எல்லோரிடமும் சொல்லும் அதே குரலில். "ரெண்டும் பொண்ணுதான்."

பூர்ணிமா நிமிர்ந்து பார்த்தார். பிரகதீஸ்வரியும் அண்ணனைப் பார்த்தாள். வாசலில் காத்திருந்த ஒருவர் செல்போனில் யாரிடமோ சர்வரைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தார்.

"அப்ப உங்களுக்குப் பிறகு வாரிசு யாரும் இல்லைன்னு எழுதிடலாமா சார்?" என்று பூர்ணிமா கேட்டார். அதில் கேலி இல்லை. அவர் தினமும் கேட்கும் கேள்விகளில் ஒன்றைப் போலத்தான் கேட்டார்.

மழையில் தார்ப்பாயை மிதித்துக்கொண்டு நின்ற பெரியவள் குணசேகரனின் கண்ணுக்குள் வந்தாள். குளிரில் உதடு நடுங்க, "அப்பா, இந்தப் பக்கம் நான் பாத்துக்கறேன், நீங்க அந்தப் பக்கம் போங்க" என்று கத்தினாளே, அவள் பிள்ளை இல்லாமல் வேறு என்ன? தன் காலத்துக்குப் பிறகு எவனாவது அவளைத் தாளில் விட்டுவிட்டு, 'பிள்ளை எத்தனைன்னு கேட்டாங்க, இல்லைன்னு சொன்னேன், இதுல பொய் என்ன இருக்கு' என்று வந்து நின்றால்? நினைத்தபோதே அவனுக்கு வயிறு எரிந்தது. தங்கச்சிக்கும் நேற்று இப்படித்தானே எரிந்திருக்கும் என்பது அப்போதுதான் உறைத்தது. அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"மேடம், அன்னிக்கு உங்களைத் தப்பாப் பேசிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க" என்றான். பிறகு தங்கச்சி பக்கம் திரும்பி, கேட்பவர் கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னான்.

"எங்கப்பாவுக்கு மூணு புள்ள. எனக்கு ரெண்டு புள்ள. பொண்ணும் புள்ளைதான் மேடம். அதை சர்க்கார் தாள்ல எழுதறதுக்கு முன்னாடி நாங்க வீட்டுல வாயால சொல்லிப் பழகியிருக்கணும். நாங்களே எண்ணாம விட்ட ஆளை எந்த ஆபீசும் எண்ணாது."